சாதாரண வரிசைக் காய்கள்

திங்கள், காலை 7.10. ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தைத் திறந்த புழுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். சோதனைக்குப் புழு வளர்ப்பது அவர் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். உள்ளே ‘கறுக் கறுக்’ என்று மெல்லும் சத்தம். ‘மரபணு மாற்றியது’ என்ற பலகை நட்டிருந்த கத்தரி வரிசையில் பெயருக்குக்கூட ஓர் இலை இல்லை. கடித்த புழுவே செத்துப்போகும்படி ஐந்து வருடம் பாடுபட்டு உருவாக்கிய செடிகள்! எதிரே ‘சாதாரணம்’ வரிசையோ பச்சைப் பசேலென்று, ஒன்றுமே நடக்காதது போல நின்றது.

7.50. நாசவேலை என்று இயக்குநர் கொடுத்த புகாருக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த அம்மாள் மெல்லும் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட, டாக்டரம்மாகிட்ட. அவ்வளவுதான் மேடம்,” என்றார் புழுக்காரர்.

“புழுவை எப்ப விட்டீங்க?”

“வெள்ளிக்கிழமை. இந்தப் புதன்கிழமைதான் விடறதா இருந்துச்சு. அதுக்குள்ள கூடு கட்டிடும் போல இருந்துச்சு, முந்திக்கிட்டேன். அன்னைக்கு டாக்டரம்மா லீவு. அவங்ககிட்ட சொல்லல.”

செடிகளை உருவாக்கிய டாக்டர் ஓரமாக நின்று சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். “வியாழக்கிழமை நானே காய் பறிச்சு அலர்ஜி சோதனைக்கு அனுப்பினேன். அப்ப செடி நல்லாத்தான் இருந்துச்சு.”

எல்லோர் கண்ணும் மொட்டை வரிசை மேல். இன்ஸ்பெக்டர் மட்டும் பச்சை வரிசையின் அடியில் குனிந்து பார்த்தார். மண் முழுக்கச் செத்த புழுக்கள், கறுத்துச் சுருண்டு, நூற்றுக்கணக்கில்.

8.25. “புழு தப்பு பண்ணல. செடியும் தப்பு பண்ணல. பலகைதான் இடம் மாறியிருக்கு. புழுவை முந்தி விட்டவர் மாத்தியிருந்தா, விடுறதுக்கு முன்னாடி திருப்பி வச்சிருப்பார். புதன்கிழமை வரைக்கும் நேரமிருக்குன்னு நம்பினவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. டாக்டர், கையைக் காட்டுங்க.”

மணிக்கட்டெல்லாம் சிவந்த தடிப்பு.

“ஒரு காய் தின்னு பார்த்தேன்,” டாக்டர் உடைந்து அழுதார். “உடம்பே தடிச்சுப்போச்சு. சோதனைக்குக் காயோட பலகையையும் படம் எடுத்து அனுப்பணும், அதான் பலகையை மாத்தி வச்சு சாதாரணக் காயை அனுப்பினேன். பூச்சிமருந்து அடிச்சு அடிச்சே எங்க அண்ணனுக்குக் கண்ணு போச்சு மேடம். இந்தச் செடிக்கு மருந்தே வேணாம். ஒரு வருஷம் கிடைச்சா இந்தக் குறையையும் சரி பண்ணிடுவேன். அதுக்குள்ள திட்டத்தையே மூடிடுவாங்களோன்னு பயந்துட்டேன்.”

இன்ஸ்பெக்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது. “சரி, பச்சை வரிசையில ஒரு காயைக்கூடக் காணோமே?”

புழுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. “சாதாரணக் காயை நாங்க வீணாக்க மாட்டோம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவோம். இந்தத் தடவை... டாக்டரம்மா அண்ணன் எங்க தெருதானே. வெள்ளிக்கிழமை புழு விடுறதுக்கு முன்னாடி பறிச்சதை அவர்கிட்ட குடுத்துட்டேன்.”

டாக்டர் அண்ணனின் எண்ணை அழுத்தினார். மூன்றாவது மணியில் அண்ணன் எடுத்தார்.

“சொல்லும்மா. காய் வந்துச்சு, இப்பதான் சாப்பிட்டேன். நல்ல ருசி. தொண்டைதான் என்னவோ அடைக்கிற மாதிரி...”

இன்ஸ்பெக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டபடியே ஜீப்புக்கு ஓடினார். டாக்டர் “அண்ணா, அண்ணா” என்று கத்திக்கொண்டே இருந்தார். மறுமுனையில் இருமல் மட்டும்தான் கேட்டது.