பின்சீட்டில் ஒரு சத்தம்

சத்தம் வண்டியின் பின்சீட்டிலிருந்துதான் வந்தது. உலோகத்தை உலோகம் மெல்லத் தட்டும் சத்தம். டக். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி, டக். திங்கட்கிழமை மாலை முதன்முதலாகக் கேட்டபோது கதவுப் பையில் ஏதாவது சாவி கிடக்கும் என்று அவன் நினைத்தான். மறுநாள் கதவுப் பைகளையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினான். ஒரு பென்சில் சீவி கிடைத்தது. அதன் வாயில் மஞ்சள் பென்சில் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வேறு யாராவது என்றால் பாட்டை உரக்க வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவன் தொழில் அதற்கு விடவில்லை. காது மந்தமானவர்களைச் சோதித்துக் கருவி பொருத்துபவன் அவன். ஒலி புகாத சின்ன அறையில் அவர்களை உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பொத்தானை அழுத்தி 'பீப்' அனுப்புவான். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். சிலர் எதுவுமே அனுப்பாதபோதும் கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்குவார்கள். முன்பெல்லாம் அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான். இந்த நான்கு மாதங்களாகச் சிரிப்பு வருவதில்லை.

சர்வீஸ் சென்டரில் ஒரு நாள் முழுக்க வண்டியை வைத்திருந்தார்கள். பின்சீட்டைக் கழற்றி மாட்டினார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்த பெண்மணி, "நாலு பேர் ஓட்டிப் பார்த்துட்டோம் சார். ஒரு சத்தமும் இல்ல. வண்டி கல்லு மாதிரி இருக்கு," என்றார்.

வண்டி எப்போதுமே கல் மாதிரிதான் இருந்தது. ஆளைப் பார்த்தால் குட்டை, கோபம் மட்டும் மலையளவு என்று நண்பர்கள் கிண்டல் செய்த சொகுசு எஸ்யூவி. ஆழ்ந்த சிவப்பு நிறம், கறுப்புத் தோல் சீட்டுகளில் சிவப்பு நூல் தையல். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகுக் குமிழ் இருந்தது. அதை வலப்பக்கம் திருப்பினால் ஸ்டீயரிங் கைக்குள் இறுகும், இன்ஜின் அடித்தொண்டையில் உறுமும். நாற்பதைத் தாண்டிய மனிதனுக்கு இது எதற்கு என்று மனைவி கேட்டாள். "பிள்ளையோட போற வண்டி, பாதுகாப்பு முக்கியம் இல்லையா," என்று அவன் விளம்பரத் தாளைக் காட்டினான். இந்த அளவு வண்டிகளில் பிரேக்குக்கு முதலிடம் என்று அதில் போட்டிருந்தது. மகள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "தக்காளி," என்று பெயர் வைத்தாள். அவளுக்கு அவன் வைத்திருந்த பெயர் வாலு. ஏழு வயது. ஏறி உட்கார்ந்ததும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "அப்பா, உறும விடு."

வெள்ளிக்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டது. கடைசி ஆளை அனுப்பிவிட்டு அவன் வண்டியில் ஏறியபோது மனைவி கூப்பிட்டாள். பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை.

"ஏங்க, இங்க ஒரு வாடகை வண்டியும் கிடைக்கல. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"நான் இந்த வண்டியிலதான் இருக்கேன்," என்றான் தயங்கி.

"தெரியும். வாங்க."

நான்கு மாதங்களாக அவள் அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. விற்றுவிடலாமா என்று அவன் ஒருமுறை பேச்செடுத்தபோது, "வேணாம். கண்ணாடியில அவ கைரேகை இருக்கும்," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவனும் பின்பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பதை விட்டுவிட்டான்.

குடையை மடக்கிக்கொண்டு வந்தவள் முன்கதவைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஈரத் துணியின் வாசனையோடு பல் அச்சுக்குப் பிசையும் மாவின் வாசனையும் உள்ளே வந்தது. அவள் பெல்ட்டை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டது. முன்னால் இருந்த சின்னத் திரையில் சீட்டுகளின் படம் எழுந்தது. அவன் சீட் பச்சை. அவள் சீட் பச்சை. அவளுக்கு இடப்பக்கம் இருந்த சீட், சிவப்பு.

பீப். பீப். பீப்.

"நான் போட்டுட்டேனே," என்றாள்.

"உன் கைப்பை அந்தப் பக்கம் இருக்கா?"

"மடியில இருக்கு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை நகர்த்தினான். கொஞ்ச தூரத்தில் பீப் தானாக அடங்கியது. சிவப்பு மட்டும் அணையவில்லை.

"அந்த வளைவு வழியாவே போங்க," என்றாள். "நான் ஒரு தடவை பார்க்கணும்."

அவன் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான். கிடங்குச் சுவரை ஒட்டிப் போகும் அந்தச் சாலையை அவனும் நான்கு மாதங்களாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறான். மழை கூரைக் கண்ணாடியில் பொரிந்து கொட்டியது. வைப்பர் போய் வந்தது. அதற்கு நடுவில், வைப்பரோடு சேராமல், டக்.

"தினமும் உங்களை இதையே கேட்டு உயிரை எடுக்கறேன், தெரியும்," என்றாள் மனைவி. "ஆனா என்னால விட முடியல. அவ ஏன் கழட்டினா? ஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடியே நான் கத்துக்கொடுத்தேங்க. இழு, குத்து, டக்குனு கேக்கணும். கேட்டாதான் வண்டி கிளம்பணும். நான் சரியாச் சொல்லித் தரலையோ?"

"அவளே கழட்டிட்டா." மருத்துவரிடமும் போலீஸிடமும் இவளிடமும் அவன் சொன்ன ஒரே வாக்கியம் அது. இல்லை என்று சொல்ல வாலு இல்லை. அதனால் அந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அது மனைவியின் தலையில் போய் உட்காரும் என்று அவன் நினைக்கவில்லை.

நாள் முழுக்க பீப் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவன் அவன். சோதனைக் கருவிப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தால், வண்டி அதை ஆள் என்று நினைத்து பெல்ட் போடச் சொல்லிக் கத்தும். உதிரிபாகக் கடையில் கேட்டபோது கடைக்காரர் ஒரு டம்மி கிளிப்பை எடுத்துக் கொடுத்தார். பெல்ட் முனையில் இருக்கும் உலோக நாக்கு மட்டும், பட்டை இல்லாமல். "இதைச் சொருகிடுங்க சார், வண்டி வாயே திறக்காது." அவனும் சொருகினான். தினமும் பள்ளி வாசலில் வாலு ஏறுவதற்கு முன் அதை உருவி எடுத்துவிடுவான். அன்றைக்கு, பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தொலைத்தன. மறந்துவிட்டான்.

பாதி வழியில்தான் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். பெல்ட்டின் நாக்கு டம்மியின் மேல் இடிக்கும் சத்தம். "அப்பா, உள்ள போக மாட்டேங்குது." அவனுக்குப் புரிந்தது. ஓரமாக நிறுத்தி, கையை நீட்டி உருவியிருந்தால் பத்து நொடி. "விடு வாலு, இதோ வீடு வந்துடும்," என்றான். பிறகு அவளைச் சமாதானப்படுத்த அந்தத் திருகை வலப்பக்கம் திருப்பினான்.

வளைவில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றது. அவன் பிரேக்கை மிதித்தான். விளம்பரத் தாள் பொய் சொல்லவில்லை. லாரிக்கு இரண்டு முழம் முன்னால் வண்டி அப்படியே நின்றது. ஒரு கீறல் இல்லை. அவன் பெல்ட் அவனைப் பிடித்துக்கொண்டது. வாலுவைப் பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டம்மியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்று இரவே பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தான். தண்ணீரில் அது விழுந்த சத்தம்கூட அவனுக்கு ஞாபகம் இருந்தது.

டக்.

"என்ன சத்தம் அது?" என்றாள் மனைவி.

இத்தனை நாள் அவனுக்கு மட்டும் கேட்ட சத்தம்.

"டயர்ல கல்லு மாட்டியிருக்கும்."

"இல்ல. இங்க, என் பக்கத்துல." அவள் சீட்டைத் தடவும் ஒலி. "இந்த லாக்குல என்னமோ இருக்கு. ஒரே சேறு."

கிளிக்.

"இது என்னது?"

கண்ணாடியில் பார்த்தான். வெள்ளை மாவு படிந்த அவள் விரல்களுக்கு நடுவில் டம்மி. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆற்றுச் சேற்றின் நாற்றம் வண்டியை நிறைத்தது.

இனி முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நான்தான்," என்றான். "நான்தான் அதைச் சொருகி வச்சேன். பீப் கேக்கக் கூடாதுன்னு. அன்னைக்கு எடுக்க மறந்துட்டேன். அவ கழட்டலம்மா. அவளால போட முடியல."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினான்.

"அப்ப அவ போடப் பார்த்திருக்கா," என்றாள் மெல்ல.

"ஆமா."

"நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே."

"ஆமா."

அவள் அழத் தொடங்கினாள். அந்த அழுகையில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்கத்தான் அவனால் தாங்கமுடியவில்லை.

அப்போது பட்டை உருளையிலிருந்து இழுபடும் சத்தம் கேட்டது. மெதுவாக. சின்னக் கை இழுப்பதுபோல, நின்று நின்று. அவள் பக்கம் இல்லை. மறுபக்கம்.

டக்.

திரையில் சிவப்பு அணைந்தது. பச்சை.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். காலி சீட்டின் குறுக்கே பெல்ட் பூட்டியிருந்தது. பட்டை சாய்மானத்தில் படியவில்லை. ஒரு சாண் முன்னால் தள்ளி, எதையோ அணைத்துக்கொண்டு நின்றது. மேலே எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

மனைவி அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தாள். அவள் கை, காற்றில், ஒரு தலை இருக்கவேண்டிய உயரத்தில் தடவிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் காலி. டம்மியைக் காணோம்.

"போட்டாச்சா கண்ணு?" என்றாள்.

கியருக்குப் பக்கத்தில் திருகு வலப்பக்கம் திரும்பியது. தானாக.

இன்ஜின் உறுமியது.

அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். வேகம் குறையவில்லை. கிடங்குச் சுவர் தொடங்கிவிட்டது. வளைவு. வளைவுக்கு அப்பால் மழைக்குள் கறுப்பாக ஏதோ ஒன்று, விளக்கில்லாமல்.

நெஞ்சில் கை வைத்தான். பெல்ட் இல்லை.

தோளோரம் தளர்ந்து தொங்கியது. இழுத்தான். குத்தினான். டக். உள்ளே போகவில்லை. தடவினான். லாக்கில் உலோகம் இருந்தது. ஈரம். சேறு. சிவப்புப் பொத்தானை அழுத்தினான். இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்தினான். வரவில்லை.

டக். டக்.

திரையில் மூன்று பச்சை. வண்டி வாயே திறக்கவில்லை.

பிரேக்கின் மேல் காலை வைத்தான். மிதித்தால் பிடிக்கும். அது அவனுக்குத் தெரியும். இந்த வண்டியின் பிரேக் எப்போதும் பிடிக்கும்.

"போக மாட்டேங்குது," என்றான். அழுதுகொண்டே சொன்னான். "உள்ள போக மாட்டேங்குது."

பின்னாலிருந்து, அவன் காதுக்கு மிகப் பக்கத்திலிருந்து, ஒரு சின்னக் குரல் அவனைச் சமாதானப்படுத்தியது.

"விடுப்பா. இதோ வீடு வந்துடும்."