கொலைக்கு என்ன கலர்?

“அய்யோ... அய்யய்யோ...!”

பெயின்ட் கம்பெனியின் மூன்று மாடியும் ஒரு குலுக்கு குலுங்கியது.

கத்தியது பெருக்குகிற அம்மாள். கத்த வைத்தவர் மானேஜர். உயிரோடு இருந்தவரைக்கும் அவர்தான் கத்துவார், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். இன்றைக்குக் காலை ஒன்பது பத்துக்கு அந்த முறை மாறிவிட்டது.

நிறச் சோதனை அறை. உயரமான அலமாரிக்குச் சாத்திய இரும்பு ஏணி. அதன் காலடியில் மானேஜர் மல்லாந்து கிடந்தார். மண்டையின் பின்பக்கம் உடைந்திருந்தது. கண்கள் கூரையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தன... அந்தக் கூரையையும் வேலையை விட்டுத் தூக்கப்போகிறவர் மாதிரி!

முக்கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். கூடவே ஏட்டு.

இன்ஸ்பெக்டருக்குப் பென்ஷன் வாங்க இன்னும் எட்டே மாசம். அந்த எட்டு மாசத்தில் ஊரில் யாரும் செத்துத் தொலைக்கக் கூடாது என்பதுதான் அவருடைய தினசரிப் பிரார்த்தனை. செத்தாலும் நோய் வந்து சாகவேண்டும்.

பிணத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். வேலை முடிந்தது.

“வழுக்கி விழுந்திருக்காரு. விபத்து. எழுதுய்யா!”

ஏட்டு எழுதவில்லை. பேனா அந்தரத்தில் நின்றது. அவர் பார்வை இன்ஸ்பெக்டரின் தோளைத் தாண்டி எதிர்ச் சுவருக்குப் போய்விட்டுத் திரும்பியது.

“என்னய்யா முழிக்கறே?”

“ஐயா... அந்தச் சுவர்...”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். சுவர் இருந்தது. சுவர் மாதிரியே இருந்தது.

“சுவருக்கு என்ன?”

ஏட்டுவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

“புரியுதுங்கய்யா! தெரியாத மாதிரி போட்டு வாங்கறீங்க! குத்தவாளி இந்தக் கூட்டத்துலயே இருந்தா உஷாராயிடக் கூடாதுன்னு... அடேயப்பா, என்ன மூளைங்கய்யா உங்களுக்கு!”

இன்ஸ்பெக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஏதோ இருக்கிறது. பெருக்குகிற அம்மாளுக்குத் தெரிகிறது. ஏட்டுவுக்குத் தெரிகிறது. வாசலில் எட்டிப் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரிகிறது. தனக்கு மட்டும் தெரியவில்லை!

காரணம்?

இதோ, முப்பது வருஷத்து ரகசியம். இன்ஸ்பெக்டருக்கு நிறக்குருடு. சிவப்பு, பச்சை, ரோஸ், சாம்பல்... எல்லாம் அவருக்கு ஒரே குடும்பம். வேலையில் சேர்ந்தபோது கண் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியாகப் படங்கள் காட்டி நம்பர் கேட்டார்கள். அவருடைய மச்சான் கண் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். புத்தகத்தையே வீட்டுக்குக் கடத்திக்கொண்டு வந்து கொடுத்தார். முதல் பக்கம் பன்னிரண்டு, இரண்டாம் பக்கம் எட்டு... கடகடவென்று மனப்பாடம். பாஸ்!

அந்தப் பொய் இப்போது வெளியே வந்தால்? பென்ஷன் காலி. மானம் காலி. மேலதிகாரியான பெரிய ஐயா போன மாசம்தான் காது மந்தத்தை மறைத்த ஒரு சப்-இன்ஸ்பெக்டரை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பினார். அதை மேடை போட்டு வேறு பேசினார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பெரிய ஐயாதான்!

“என்னய்யா, பெயின்ட் கம்பெனி விவகாரம் என்ன ஆச்சு? பன்னெண்டு மணிக்கு நானே வர்றேன். அதுக்குள்ள முடிச்சு வை!”

“ஆகட்டுங்கய்யா...”

போன் வைக்கப்பட்டது.

“ஏட்டு... நீயே அந்தச் சுவர்கிட்ட போய் ஆராய்ச்சி பண்ணு பார்ப்போம். உன் திறமையைச் சோதிக்கறேன்.”

ஏட்டு ஆர்வமாகப் போய் ஓர் இடத்தில் விரலை வைத்தார். ஆள் உயரம். சாப்பாட்டுத் தட்டு அகலம்.

“பெயின்ட் இன்னும் காயலைங்கய்யா!” பாக்கெட் கத்தியால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். “ஐயா... அடியில ரத்தம்!”

கூட்டம் ‘ஹா’ என்றது. இன்ஸ்பெக்டரும் ஒரு ‘ஹா’ போட்டு வைத்தார். ஏணியும் இல்லை, வழுக்கலும் இல்லை. மானேஜரின் மண்டையை அந்தச் சுவரில் மோதி, பிணத்தை ஏணிக்கு இழுத்து வந்து போட்டுவிட்டு, ரத்தக்கறைக்கு மேல் வர்ணம் பூசியிருக்கிறார்கள்.

கொலை!

ஏட்டுவுக்கு இறக்கை முளைத்துவிட்டது. ஐந்தே நிமிஷத்தில் கம்பெனிப் பெயின்டரைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார்.

“இவன்தாங்கய்யா! பிரஷ்ஷும் கையுமா மாட்டினான். மானேஜர் இவனை நேத்து எல்லார் முன்னாலயும் கழுதைன்னு திட்டியிருக்காரு!”

பெயின்டர் பொலபொலவென்று அழுதார்.

“என்னைத் திட்டாத நாளே கிடையாதுங்க ஐயா! அதுக்குக் கொல்றதுன்னா பத்து வருஷம் முந்தியே கொன்னிருக்கணும்! ஐயா, நீங்களே சொல்லுங்க... சாம்பல் கலர் சுவத்துல கறையை மறைக்கணும்னா எவனாவது ரோஸ் கலர் அடிப்பானா? பெயின்டர் அடிப்பானா? கண்ணு இருக்கிற எவனாவது அடிப்பானா?”

ரோஸ்!

சாம்பல் சுவரில் ரோஸ் திட்டு!

இன்ஸ்பெக்டர் மறுபடி சுவரைப் பார்த்தார். மழமழவென்று ஒரே நிறம். அற்புதமாகப் பொருந்தியிருந்தது. ஈ உட்கார்ந்தால்கூட வித்தியாசம் தெரியாது.

அப்போதுதான் அவர் மண்டைக்குள் பளீரென்று அடித்தது.

*எனக்குப் பொருந்திப் போச்சு. பூசினவனுக்கும் பொருந்திப் போச்சு. அப்படின்னா பூசினவன்...*

கொலைகாரன் ஒரு நிறக்குருடன்! நிறத்தையே விற்றுப் பிழைக்கிற கம்பெனிக்குள் ஒரு நிறக்குருடன்!

ஆனால் அதை எப்படி வாய் திறந்து சொல்வது? ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று முதல் கேள்வி வருமே! பேசாமல் பெயின்டரை உள்ளே தள்ளிவிட்டால்? பன்னிரண்டு மணிக்குப் பெரிய ஐயா தட்டிக் கொடுப்பார். எட்டு மாசம் நிம்மதி.

“ஐயா, என் பொண்ணுக்கு ரெண்டு வயசுங்க ஐயா...” என்றார் பெயின்டர்.

இன்ஸ்பெக்டர் மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினார். பெயின்டரை அல்ல, தன்னையே.

“கையை எடுய்யா அவர் மேலேர்ந்து! ஓரமா உட்காரச் சொல்லு. இந்த ரூமுக்குப் பொறுப்பு யாரு?”

“நான்தான் சார்.”

கூட்டம் மரியாதையாக வழி விட்டது. வெள்ளைக் கோட்டு, தங்க ஃப்ரேம் கண்ணாடி. கம்பெனியே ‘கலர் சார்’ என்று கும்பிடுகிற நிபுணர். இருபது வருஷத்தில் ஒன்பது கேடயம் வாங்கியவர்.

அவர் உள்ளே வந்தார். பிணத்தைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒய்யாரமாக நின்றார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

சற்று முன்னால் போட்டோ எடுக்க வந்த போலீஸ்காரர் முதலில் சுவரைப் பார்த்துத்தான் திடுக்கிட்டார். பிணத்தைப் பார்க்க வந்த டாக்டரும் அப்படியே. அழுதுகொண்டே வந்த பெயின்டர்கூட! இந்த அறைக்குள் காலை வைத்ததும் அந்தச் சுவர் யாரையும் விடவில்லை, இரண்டு பேரைத் தவிர.

ஒருவர், இன்ஸ்பெக்டர். இன்னொருவர்...

“இந்த மிஷின் என்ன சார்?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

மேஜைமேல் ஓர் இரும்புத் தாங்கி. அதில் நிற்கும் வட்டத் தட்டு, விளிம்பைச் சுற்றி ஒன்றிலிருந்து நூறுவரை கோடுகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. நிபுணரின் முகம் மலர்ந்தது.

“இதுக்குத்தான் சார் இந்தக் கம்பெனியில மவுசே! ராட்டினம்னு சொல்வோம். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்புன்னு அஞ்சு அட்டை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகியிருக்கும். எது எவ்வளவு வெளியே தெரியணும்னு நகர்த்தி வெச்சுட்டு வேகமா சுத்தினா, அஞ்சும் கலந்து கண்ணுக்கு ஒரே நிறமாத் தெரியும். மாதிரி நிறத்தோட ஒத்துப்போற வரைக்கும் நகர்த்தணும். ஒத்துப்போனா விளிம்புல இருக்கிற நம்பரைப் படிக்க வேண்டியதுதான். அந்த நம்பர்தான் அந்த நிறத்தோட ஜாதகம்! மூவாயிரம் நிறத்துக்கு ஜாதகம் எழுதியிருக்கேன்!”

“அடேங்கப்பா! அப்போ இந்தச் சுவரோட சாம்பலைக் கொஞ்சம் கலந்து காட்டுங்களேன்.”

நிபுணரின் கண்ணாடி ஒரு நொடி ஆடியது.

“அது... என் சம்சாரத்தைக் கூப்பிடணும் சார். அவதான் அட்டையை நகர்த்துவா. நான் நம்பர் படிப்பேன்.”

“எங்கே அவங்க?”

பெருக்குகிற அம்மாள் முந்திக்கொண்டாள். “நேத்துதான் சார் அந்தம்மாவைப் பேக்கிங்குக்கு மாத்தினாரு மானேஜரு! புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ரூம்ல வேலை பார்க்கக் கூடாதாம்!”

இன்ஸ்பெக்டருக்கு இப்போது எல்லாம் தண்ணீர் மாதிரி தெளிந்தது. அவர் வீட்டிலும் அதே கதைதானே! பேன்ட்டுக்குச் சட்டை எடுத்து வைப்பது அவர் சம்சாரம். தக்காளி பழுத்ததா என்று பார்ப்பது அவர் சம்சாரம். சம்சாரம் ஊருக்குப் போனால் அவர் காக்கியைத் தவிர வேறு எதையும் போடமாட்டார். இருபது வருஷமாக இந்த நிபுணருக்கும் கண் ஒருத்தி, கேடயம் ஒருத்தர்!

“வேணாம் சார். நீங்களே நகர்த்துங்க.”

“இப்ப என்ன அவசரம்...”

“நகர்த்துங்க!”

நிபுணர் அட்டைகளை நகர்த்தினார். கைப்பிடி சுழன்றது. நிறுத்தினார், பச்சையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார், மறுபடி சுழற்றினார். ‘விர்ர்ர்...’

இன்ஸ்பெக்டர் பார்த்தார். தட்டும் சுவரும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. மனுஷன் திறமைசாலிதான் என்று உள்ளூர ஒரு பாராட்டு வந்தது; தலை தானாக ஆடியது.

“ஒத்துப்போச்சா சார்?”

“போச்சு சார்! பிசகே இல்லை!” நிபுணர் மூச்சு விட்டார்.

“ஏட்டு! தட்டு என்ன கலர்?”

“ஐயா... பளபளன்னு ரோஸுங்கய்யா!”

கூட்டம் சிரித்துவிட்டது. பிணம் கிடக்கிற அறையில் கொல்லென்று ஒரு சிரிப்பு!

“சிரிக்காதீங்க!” நிபுணர் அலறினார். “அவனும் இப்படித்தான் சிரிச்சான்! காலையில எட்டு மணிக்கு, முதல் தடவையா நானே தனியா ஒரு நிறம் கலந்தேன். பின்னாலேயே வந்து நின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்! ‘கலருக்கு நிபுணன், கண்ணுக்குக் கபோதியா? இரு, கம்பெனி பூரா கூப்பிட்டுக் காட்டறேன்’னான்... பிடிச்சுத் தள்ளிட்டேன் சார்! ஒரே தள்ளு! கறையை மறைக்க இதே ராட்டினத்துல நம்பர் எடுத்து, அந்த நம்பர்படி டப்பாவிலேர்ந்து கலந்து... ஒத்துப்போச்சுன்னுதான் நினைச்சேன்...”

‘ஒத்துத்தான்யா போச்சு’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததை இன்ஸ்பெக்டர் விழுங்கினார். அந்த ஆள் மேல் அவருக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது.

விலங்கு மாட்டியாயிற்று. பெயின்டர் ஏட்டுவின் காலில் விழப் போனார். ஏட்டு இன்ஸ்பெக்டரின் காலைக் காட்டினார்.

சரியாகப் பன்னிரண்டு. பூட்ஸ் சத்தம். பெரிய ஐயா!

“பலே! ரெண்டே மணி நேரத்துல முடிச்சுட்டியாமே! எப்படிய்யா கண்டுபிடிச்சே?”

“அது... ஒரு ஊகம்தாங்கய்யா...”

“ஊகமா?” விலங்கு மாட்டிய நிபுணர் திரும்பினார். அவர் உதட்டில் விஷம் மாதிரி ஒரு சிரிப்பு. “என் கண்ணுக்கு அந்தத் திட்டு தெரியாதுன்னு இவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? நான் இவர் கண்ணையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். தட்டு சுத்தினப்போ எல்லாரும் சிரிச்சாங்க... இவர் தலையாட்டினாரு! ஐயா, இந்த இன்ஸ்பெக்டருக்கும் என் கண்ணுதான்! பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருக்காரு! கேளுங்க! அந்த ரோஸ் திட்டு எங்கேன்னு இவரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்க!”



எட்டு மாசம், முப்பது வருஷம், பென்ஷன், எல்லாம் இன்ஸ்பெக்டரின் கண்ணெதிரே கரைந்து ஓடின. ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

பெரிய ஐயா விறைப்பாகச் சுவரை நோக்கி நடந்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கினார். கத்தி சுரண்டிய கீறலைத் தடவினார்.

பிறகு திரும்பினார். முகத்தில் பயங்கர எரிச்சல்.

“என்னய்யா உளர்றான் இவன்? எந்த ரோஸ்? எந்தத் திட்டு? ஒரு கீறல்தானே இருக்கு! மத்தபடி சுவர் பூரா ஒரே கலராத்தானேய்யா இருக்கு!”



இன்ஸ்பெக்டர் படாரென்று ஒரு சல்யூட் அடித்தார். இந்த முப்பது வருஷத்தில் அப்படி ஒரு சல்யூட்டை அவர் யாருக்கும் அடித்ததில்லை.

“ஒரே கலர்தாங்கய்யா!”

ஏட்டு பெரிய ஐயாவைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். விலங்கு மாட்டிய நிபுணரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டினார்.

“ஜீப் சாவியைக் குடுங்கய்யா, நானே ஓட்டறேன்... ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு சிக்னல் இருக்கு!”