வலது பின் சக்கரம்: மூன்று

கிள்ளிப்பாலத்தில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்தது அழகியநம்பி அண்ணாச்சியின் பழைய வண்டி யார்டு. அங்கே போகிறவர்களுக்கு முதலில் ஒரு டீ கிடைக்கும், அடுத்துக் குடும்ப விசாரிப்பு கிடைக்கும். கடைசியில் அண்ணாச்சி தலையில் கட்டும் வண்டியை மறுக்க முடியாத நிலைமைக்கு வந்திருப்பார்கள். சாலைக் கம்போளக் கடைவீதியில் மூன்று தலைமுறை வியாபாரம் செய்த குடும்பம், பேச்சுக்குப் பஞ்சமில்லை.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை ஊற்றிய ஒரு காலை, ஒன்பது இருபதுக்கு ஷிஜா அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினாள். தம்பானூரில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவள். நாற்பது வயது, நேர்த்தியான கைவேலை.

“வா மோளே. நேத்து நீ தாலாட்டுப் பாடித் தூங்கவச்ச ரெண்டும் முழிச்சுக் கிடக்கு. பத்து மணிக்குக் கல்யாணராமன் சார் வாறாரு, கேட்டியா? பேரப்பிள்ளையளோட பொன்முடி மலைக்குப் போக வண்டி வேணுமாம்” என்றார் அண்ணாச்சி.

ஷெட்டின் கோடியில் அந்தக் காட்டுப்பாதை ஜீப் நின்றது. பதினெட்டு வயதான வண்டி, புதிதாய் வெள்ளைச் சாயம். சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டாள். இரண்டு மஞ்சள் விளக்குகளும் அணையாமல் எரிந்தன. ஒன்று பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், இன்னொன்று வண்டி வழுக்குகிற படம்.

தாலாட்டு என்பது அண்ணாச்சி வைத்த பெயர். இந்த விளக்குகளின் வயரை வெட்டி, ஆயில் விளக்கின் வயரோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் தீர்ந்தது காரியம். சாவி போட்டதும் எரியும், எஞ்சின் ஓடியதும் அணையும். வாங்குகிறவனுக்குத் திருப்தி. பிரேக் கோளாறு மட்டும் உள்ளே அப்படியே இருக்கும்.

போன வருஷம் இதே ஜீப்புக்கு இதே தாலாட்டைப் பாடியவள் ஷிஜாதான். அன்று வாங்கிப்போனது சுடலைக்கண்ணு, பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் சுற்றுலாக்காரர்களை மலையேற்றி இறக்குகிறவன். ஒரு மாதம் கழித்து அவன் போன் பண்ணினான். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணாச்சி, மழையில பிரேக்கு போட்டா சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி வழுக்குது.”

“லைட்டு ஏதும் எரியுதாடே?”

“இல்ல.”

“லைட்டு எரியலைன்னா வண்டிக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்.”

சொல்லிவிட்டு அண்ணாச்சி சிரித்தார். ஷிஜாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போனில் அவனுக்குக் கேட்டிருக்கும். நான்காம் நாள், பொன்முடிக்குக் கீழே ஒரு கொண்டையூசி வளைவில் ஜீப் சறுக்கிச் சரிவில் ஒரு மரத்தில் மாட்டியது. வலது கால் முறிந்தவன் சரிவிலிருந்து ஊர்ந்து, ரோட்டோரம் வந்து செத்துக் கிடந்தான். நசுங்கிய ஜீப்பை அண்ணாச்சியே இரும்பு விலைக்கு வாங்கி, தட்டி நிமிர்த்தி, பச்சையை வெள்ளையாக்கினார்.

ஷிஜா ஸ்டீரிங்குக்கு அடியில் கோளாறு படிக்கும் ஸ்கேனரைச் செருகி, அது அனுப்புவதைப் போனில் பார்த்தாள். கோளாறு ஒன்றே ஒன்று: வலது பின் சக்கர சென்சார். அடுத்து நான்கு சக்கரங்களின் வேகத்தை, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் எடுத்தாள்.

சுழியம். சுழியம். சுழியம்.

வலது பின் சக்கரம்: 3.

வண்டி நின்றுகொண்டிருந்தது.

“சென்சார்ல சேறு இருக்கும்” என்றார் அண்ணாச்சி.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினாள். அது அசையாமல் தொங்கியது. சென்சாரின் பிளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

3. பிறகு 2. பிறகு 3.

ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து வைக்கிற தாளம்.

ஸ்கேனரில் இன்னொரு வரி உண்டு, கோளாறை அழித்தபின் வண்டி ஓடிய தூரம். நேற்று மாலை ஏழு மணிக்கு அவள்தான் அழித்தாள். ஜீப் அதன்பின் ஷெட்டை விட்டு நகரவில்லை.

43 கிலோமீட்டர்.

“அண்ணாச்சி, கல்லாறு இங்கேந்து எத்தற தூரம்?”

“நாப்பத்தஞ்சு. இழுத்துட்டு வந்த லாரிக்காரன் சொன்ன கணக்கு...”

அவர் கண் போனில் இருந்த எண்ணில் விழுந்தது. அவர் இப்படிப் பாதியில் பேச்சை நிறுத்தி ஷிஜா பார்த்ததில்லை.

கிட்டங்கியின் அரிசி வாசனைக்கு நடுவே ஆற்றுச் சேறும் அழுகிய இலையும் மணத்தன.

ஷிஜா ஜாக்கியை இறக்கிச் சக்கரத்தைத் தரையில் விட்டாள். “வயரைப் பழையபடி மாட்டிருதேன். சாரு கிட்ட உள்ளதைச் சொல்லிருங்க.”

“பைத்தியமா பிள்ளே? பழைய மிஷின் பொய் சொல்லுது.” குரலைத் தாழ்த்தி, ஜீப்பைப் பார்த்தே சொன்னார்: “சுடலே... ஒரு நல்ல வெலைக்குப் போவட்டும்டே. ஒன் பொண்டாட்டிக்கு ஏதாவது செஞ்சிருதேன்.”

44.

கல்யாணராமன் குடையை மடக்கிக்கொண்டு பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு டேஷ்போர்டுக்குள் குனிந்தார்.

“இதென்ன ரெண்டு லைட்டு எரியறது?”

ஷிஜா அண்ணாச்சியைப் பார்த்தாள். அவளே சொல்லியிருக்கலாம். போனிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள்.

“சென்சார்ல இத்துனூண்டு அழுக்கு சார். வண்டிக்கு ஒண்ணுமில்ல” என்றார் அண்ணாச்சி.

45.

எல்லாச் சக்கரமும் சுழியம். விளக்குகள் இரண்டும் அணைந்தன. பின்கதவு தானாகத் திறந்து சாத்திக்கொண்டதை மழைச் சத்தத்தில் ஆண்கள் இருவரும் கவனிக்கவில்லை. ஷிஜா கவனித்தாள்.

“பாத்தேளா? நம்ம வாயில பொய்யே வராது!” அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. “ஒரு சுத்து ஓட்டிக் காட்டுதேன்.”

“ஏறாதீங்க அண்ணாச்சி.”

ஏறிவிட்டார். உடனே டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்கிற விளக்கு.

பக்கத்து சீட்டு காலி. ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்திலிருந்து செம்மண் தண்ணீர் வடிந்தது.

கதவுப் பூட்டுகள் ஒன்றாக விழுந்தன.

ஜீப் கேட்டைத் தாண்டும்போது அவர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதை ஷிஜா பார்த்தாள். கண்ணாடிக்குள் வாய் திறந்து திறந்து மூடியது. ஜீப்பின் வேகம் குறையவில்லை.

கல்யாணராமன் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, “என்ன மனுஷன் இவர்!” என்று முணுமுணுத்தபடி ஆட்டோ பிடித்துப் போனார். அவர் பேரப்பிள்ளைகள் தப்பித்த கதை அவருக்குத் தெரியாது. ஷிஜா அழைத்தபோதெல்லாம் அண்ணாச்சியின் போன் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஜீப்போடு போய்விட்ட ஸ்கேனர் பத்தடிக்கு மேல் எட்டாத சாமான். ஆனாலும் ஷிஜாவின் கையிலிருந்த போனில் எண்கள் ஓடின. தூரம் பின்னோக்கிக் குறைந்தது. 40. 31. 12. 2.

பதினொன்றரைக்கு, சுழியம்.

நான்கு சக்கரமும் சுழியம்.

ஷிஜா வடிவம்மாளை அழைத்தாள். சுடலைக்கண்ணுவின் மனைவி, கல்லாற்றில் பெட்டிக்கடை வைத்திருப்பவள். பின்னால் ஆட்கள் கத்தும் இரைச்சல்.

“அக்கா, நான் ஷிஜா. அந்த ஜீப்போட லைட்டு வயரை... நான்தான்...”

“தெரியும் பிள்ளே.” குரலில் கோபம்கூட இல்லை. “இப்பத்தான் அதே வளைவுல ஒரு வெள்ளை ஜீப்பு விழுந்துச்சு. எல்லாரும் ஓடுதாவ. நான் போகல.”

“அக்கா, என்னை மன்னிச்சிரு.”

“எங்கிட்ட எதுக்குக் கேக்க? நேத்து வெளக்கு வச்ச நேரம் அவுக வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தான் புறப்பட்டாவ. தேடிப் போறது ரெண்டு பேரைன்னு சொன்னாவ.”

போன் வைக்கப்பட்டது.

மழை விட்டிருந்தது. ஷிஜா போனில் ஸ்கேனரின் எண்களைத் திரும்பப் பார்த்தாள்.

வலது பின் சக்கரம்: 3.

அண்ணாச்சி, உயிரோடு இருந்தவரை, நூறடிக்கு மேல் நடந்து பழக்கமில்லாத மனிதர்.

இடது பின் சக்கரம்: 3.