ஒரு மணிக்கு எழுபது நிமிடம்

இருநூற்றுப் பதினாறு மணி நேரம் முடிந்திருந்தது. மீதி நாற்பத்தெட்டு.

இரண்டு கண்களிலும் அறுவை முடிந்து கட்டுப் போட்டபோது டாக்டர் பதினோரு நாள் என்றார். பதினோரு நாள் கட்டைத் தொடக் கூடாது, குனியக் கூடாது, அழக் கூடாது. அதற்குப் பிறகு பிரித்துப் பார்த்தால்தான் பார்வை வந்ததா இல்லையா என்று தெரியும். அவள் அறுவைக்கு முன்பே உதிரிப் பொத்தான்களில் பதினொன்றைப் பொறுக்கிக் கட்டிலருகே ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். விடிந்ததும் ஒன்றை எடுத்துப் பக்கத்து டப்பாவில் போடுவாள். முதல் நாள் போட்டது நான்கு துளையுள்ள பெரிய கோட்டுப் பொத்தான். கடைசியில் போட வேண்டியது சட்டைக் கையின் சின்னப் பொத்தான். இப்போது இடது டப்பாவில் இரண்டு இருந்தன.

விடிந்தது என்று அவளுக்குச் சொன்னது புல்லாங்குழல்.

பல கிளைகள் உள்ள ஒரு பல்பொருள் கடைக்கு மணிவாரியாக இசை தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவள் வேலை. காலையில் ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், அவர்கள் நின்று நிதானமாகப் பார்க்க ஒரு இசை. மாலையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் அம்மாக்களுக்கு வேறு. கடை மூடும் நேரத்தில் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவாள். யாரும் போகச் சொல்லாமலே மக்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கல்லாவுக்கு நடப்பார்கள். கணினியில் அதை எப்படிச் செய்வது என்று ஒருநாள் கணவனுக்குக் காட்டினாள்.

"நீ சரியான திருடி," என்றான் அவன். "பர்ஸை விட்டுட்டு ஆளுங்க நேரத்த அடிக்கிற."

கட்டுக்குள் இருக்கப் போகும் நாட்களுக்காகத் தனக்கே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டாள். இருபத்து நான்கு இசைகள், ஒவ்வொன்றும் சரியாக அறுபது நிமிடம், இரவும் பகலும் நிற்காமல் பக்கத்து அறையிலிருந்து மெல்லியதாக வரும். ஐந்துக்குப் புல்லாங்குழல். பத்துக்குப் பியானோ. பிற்பகல் நான்குக்கு மேளம். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்கு ஒரே ஒரு தந்தியின் ரீங்காரம். அந்த நேரத்தில் விழித்திருப்பவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று நினைத்தாள்.

பட்டியலைக் கணவனிடம் கொடுத்த அன்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "பதினொண்ணாவது நாள் நல்ல சேதி இல்லன்னா, அந்த நாளை வரவே விடாதீங்க."

அவன் சிரிக்கவில்லை. "சரி," என்றான்.

தப்பு ஏதோ நடக்கிறது என்று முதலில் சொன்னது மேளம்.

அந்த மேளத்தை அவள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு அடி. அமைதியாகப் படுத்திருக்கும்போது அவளுடைய நாடியும் எழுபத்திரண்டு. முதல் நாட்களில் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்பாள். அடியும் துடிப்பும் சேர்ந்தே நடக்கும். இன்று துடிப்பு முந்திக்கொண்டது. அடி பின்னால் வந்தது. ஆறு அடிக்கு ஏழு துடிப்பு.

கணவன் பால் கொண்டுவந்தபோது சொன்னாள்.

"நாளான்னைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்கல்ல? பயம். நாடி ஓடுது, அவ்வளவுதான்," என்றான். ஏசி ரிப்பேர் செய்பவன் அவன். பேசும்போதே கை எதையாவது சரி செய்துகொண்டிருக்கும். இப்போது போர்வையின் ஓரத்தை மடித்தான், நீவினான், மறுபடியும் மடித்தான்.

"மணி என்ன?"

"நாலேகால், கடிகாரம்." பட்டியல் போட்ட நாளிலிருந்து அதுதான் அவளுக்குப் பெயர்.

அவள் மறுபடி எண்ணினாள். ஆழமாக மூச்சு விட்டு, உடல் தளர்ந்த பிறகு எண்ணினாள். ஆறுக்கு ஏழு. பால் குடித்து அசந்து தூங்கி எழுந்து எண்ணினாள். எட்டு மணி வயலினுக்கும் அவள் வைத்த வேகம் எழுபத்திரண்டுதான், அதோடும் அதே ஆறுக்கு ஏழு. பயம் என்றால் கூடும், குறையும். பயத்துக்கு இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போடத் தெரியாது. அப்படியென்றால் அறுபது நிமிட இசை எழுபது நிமிடம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு இருபத்தெட்டு மணி நேரம்.

யாரோ அவளுடைய வித்தையை அவளிடமே காட்டுகிறார்கள். அந்த வித்தை தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர்.

அதன் பிறகு அவள் எதையும் நம்பவில்லை. இரவு ஒன்பது மணி இசை ஓடும்போது ஏசியின் குளிர் கூடுவதைக் கவனித்தாள். பகல் இசைக்குக் குளிர் குறைந்தது. காற்று இசை சொன்னபடி கேட்டது. ஆனால் கட்டிலை ஒட்டிய சுவரை உள்ளங்கையால் தொட்டபோது அது இளஞ்சூடாக இருந்தது, வெயில் பட்டு இன்னும் ஆறாத செங்கல்லின் சூடு, அதில் சுண்ணாம்பின் உலர்ந்த வாசனையும் லேசாக எழுந்தது. ஒன்பது மணி இசைக்கு அந்தச் சூடு பொருந்தவில்லை. ஜன்னல் இடுக்குகளில் வெளிச்சம் வராமலிருக்க என்று கணவன் அடைத்த ஸ்பாஞ்சு நினைவுக்கு வந்தது. கட்டுப் போட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அவன் அடைத்தது சத்தத்தை.

சமையலறையில் நாத்தனாரின் குரல். கணவனின் அக்கா, உதவிக்கென்று வந்து தங்கியிருப்பவள். கிசுகிசுக்கத் தெரியாதவள்.

"டேய், எத்தனை நாளைக்குடா இப்படி? ராத்திரி பத்து மணிக்கு நான் பிரெட் டோஸ்ட் போட்டுக் காலை டிபன்னு நடிக்கணும். உனக்கு ஒரு சம்பளம், எனக்கு ஒரு சம்பளம்னு நாடகக் கம்பெனியே வெச்சுடலாம்."

"மெதுவா பேசுக்கா."

"அவளுக்குக் கண்ணுலதானேடா கட்டு, காதுல இல்லையே. இன்னைக்காவது சொல்லித் தொலை."

சொல்ல வேண்டியது எது? அவள் படுத்தபடியே யோசித்தாள். கடை அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டதா? டாக்டர் ஊரில் இல்லையா? நல்ல காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எதுவும் நிற்கவில்லை.

புல்லாங்குழல் தொடங்கியது. கூடவே நர்ஸ் வந்தாள்.

தினமும் அப்படித்தான். குழலின் முதல் மூச்சோடு தலைமாட்டில் ஸ்பிரிட் வாசனை வரும், ஈரப் பஞ்சின் வாசனை வரும், பிறகு பின்னந்தலையில் குளிர்ந்த விரல்கள். முதல் நான்கு நாட்கள் வந்தபோது நர்ஸ் வாய் ஓயாமல் பேசுவாள், பஸ் கூட்டத்தைத் திட்டுவாள், பையனின் மார்க்கைச் சொல்லி அங்கலாய்ப்பாள். ஐந்தாம் நாள் கட்டிலில் படுத்திருந்தவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார்கள், அன்று முழுக்கத் தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு வந்த நர்ஸ் பேசுவதில்லை. கட்டை மாற்றுவதுமில்லை. முடிச்சை மட்டும் ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

"குட் மார்னிங் சிஸ்டர்."

முடிச்சு இறுகியது. நேற்றைவிட இன்று அதிகம்.

"ரொம்ப இறுக்குது சிஸ்டர்."

விரல்கள் நின்றன. பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்தன.

நர்ஸும் கூட்டு, என்று அவள் முடிவு செய்தாள். விடியாத நேரத்தில் விடியல் இசையைப் போட்டால், அந்த நேரத்துக்கு ஒரு நர்ஸ் எப்படிச் சரியாக வந்து நிற்பாள்? சொல்லி வைத்திருக்கிறார்கள். பேச வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பொத்தானை மாற்றினாள். இடது டப்பாவில் சட்டைக் கைப் பொத்தான் ஒன்றுதான் மிச்சம். நாளை பிரித்துவிடுவார்கள். இவர்கள் என்ன விளையாட்டு வேண்டுமானாலும் விளையாடட்டும். நாளை அவளே பார்த்துக்கொள்வாள்.

பால் வந்தது. அடியில் சிறு கசப்பு. தூங்கினாள்.

எழுந்தபோது ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. ஏசி ஊசியாகக் குத்தியது. கை தானாக டப்பாவுக்குப் போனது.

இரண்டு பொத்தான்கள்.

ஒன்று சின்னது. மற்றதை விரலால் உருட்டினாள். பெரியது. ஓரம் தடித்தது. துளைகளை நகத்தால் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

முதல் நாள் மாற்றிய கோட்டுப் பொத்தான்.

திரும்பி வந்திருந்தது. இது முதல் தடவைதானா? எத்தனை காலை இந்த டப்பாவில் கையை விட்டு, எதை எடுக்கிறோம் என்று பார்க்காமல் எடுத்துப் போட்டிருக்கிறாள்?

சத்தமில்லாமல் எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். சுவர் சுட்டது. இடுக்கில் நகத்தைக் கொடுத்து ஸ்பாஞ்சைப் பிடித்து இழுத்தாள். பசை பிரிந்தது. பொடிப் பொடியாக உதிர்ந்தது. ஒரு விரல் அளவு. இன்னொரு விரல் அளவு.

மணி அடித்தது. பள்ளிக்கூட மணி.

பிள்ளைகள். நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். யாரோ யாரையோ "டேய் குண்டா, பந்தைப் போடுடா" என்றார்கள். ஸ்கூட்டர் ஹாரன். இடுக்கில் விரலை வைத்தாள். வெயில். உச்சி வெயில், விரல் நுனியில் நெருப்பு மாதிரி. பின்னால் இரவு இரண்டு மணியின் ரீங்காரம்.

"ஏங்க!" என்று கத்தினாள். "ஏங்க!"

இரண்டு ஜோடிக் கால்கள் ஓடி வந்து வாசலில் நின்றன.

"பாட்டை நிறுத்துங்க."

அவன் போனான். ரீங்காரம் நின்றது. இத்தனை நாளில் முதல் நிசப்தம். அதில் பிள்ளைகளின் சத்தம் மட்டும்.

"மணி என்ன? இந்தத் தடவை நெசத்தைச் சொல்லுங்க."

"பன்னெண்டு பத்து. மத்தியானம்."

"இசைய இழுத்தது?"

"நான்தான்."

"பொத்தான்?"

"அதுவும் நான்தான். மூணு தடவை."

"எதுக்கு? நான் என்ன பைத்தியமா? பைத்தியமாக்கப் பாக்குறீங்களா? நாளைக்குக் கட்டுப் பிரிச்சதும் எனக்குத் தெரிஞ்சிடாதா?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். வாய் ஓயாத அந்த நாத்தனார் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளை முதன்முதலாக நிஜமாகவே பயமுறுத்தியது.

"நீதானே சொன்ன," என்றான் அவன். குரல் கீழே எங்கோ போயிருந்தது. "அந்த நாளை வரவே விடாதீங்கன்னு."

அவள் நின்றாள். கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டன.

"அண்ணி, இவர் என்ன சொல்றாரு?"

"எனக்குத் தெரியாதும்மா. அவனையே கேளு."

"யாரும் சொல்ல வேணாம். நானே அவுத்துப் பாத்துக்கிறேன்."

கையைத் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை. அவன் தடுத்திருக்க வேண்டும். பதினோரு நாள் தொடக் கூடாது. தடுத்திருக்க வேண்டும்.

அப்போது புல்லாங்குழல் கேட்டது.

பக்கத்து அறையிலிருந்து அல்ல. அது நின்றுவிட்டது. இது காதோரம், மூச்சுச் சூடு படும் தூரத்தில். சரியான வேகத்தில், ஒரு துடிப்பும் பிசகாமல். ஸ்பிரிட் வாசனை. ஈரப் பஞ்சு. பின்னந்தலையில் குளிர்ந்த விரல்கள்.

முடிச்சு இறுகியது.

அவள் கை பாதி வழியில் இருந்தது. மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். நெற்றி. புருவம். துணி இருக்க வேண்டிய இடம்.

தோல்.

இமை மயிர் விரலில் பட்டது. அசைந்தது. ஈரமாக இருந்தது. விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். கண் திறந்திருந்தது. இரண்டும் திறந்திருந்தன. இத்தனை நேரமும் இருவரையும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

பின்னால் முடிச்சு மறுபடியும் இழுபட்டது. நெற்றிப் பொட்டு தெறித்தது.

"சிஸ்டரை..." அவள் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டாள். "சிஸ்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொல்லுங்களேன்."

வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். தெரு அடங்கியது.

"எந்த சிஸ்டர்?" என்றான் அவன். பிறகு, இத்தனை நாளாக விழுங்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னான். "காய்ச்சல் வந்த அன்னைக்கே கட்டைப் பிரிச்சுட்டாங்கம்மா. பார்வை வராதுன்னுட்டாங்க. ஒம்பது நாளாச்சு. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு எந்த நர்ஸும் வரல."