பதினேழாம் பக்கம்

பைக் குழுத் தலைவருக்குக் காலையிலிருந்தே எரிச்சல். எதிரே வந்த பதினோரு பைக்குகளுக்கும் இடக்கையைத் தாழ்த்தி, இரண்டு விரல் நீட்டி வணக்கம் வைத்தாயிற்று. ஒருவன்கூடத் திருப்பிக் காட்டவில்லை. ஒருவன் மட்டும் தன் டயர் பஞ்சர் போலிருக்கிறது என்று குனிந்து பார்த்தான். சாலைச் சைகைகளுக்கு இருபத்துநான்கு பக்கக் கையேடு எழுதி, அட்டையில் தன் படத்தையே போட்டுக்கொண்ட மனிதருக்கு இது அடுக்குமா?

மலையடிவார டீக்கடையில் வண்டிகள் நின்றன. மேலே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அடுத்ததாக ஓட்டிவந்த மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"மச்சான், ஒரு குழியை எத்தனை தடவைதான் காட்டுவீங்க? உங்களுக்கு முன்னாடி போறவரு காட்டுறாரு, அப்புறம் நீங்களும் காட்டுறீங்க."

"எனக்கு முன்னாடி எவன்டா? நான்தான் முதல் ஆள்."

"அதான், அந்த மஞ்சக் கையுறைக்காரரு."

தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

மஞ்சள் கையுறை, குழுவிலிருந்த மெக்கானிக்குடையது. போன வருடம் இதே மலையில், கல்குவாரி வளைவில், தலைவருக்குப் பின்னால் வந்த அவன் குழியில் விழுந்து செத்தான். முதலில் போகிறவர் குழியைக் கையால் காட்ட வேண்டும்; பின்னால் வருகிறவர்கள் அதை ஒவ்வொருவராகக் கடத்த வேண்டும். அன்று தலைவர் குழியைப் பார்த்தார். ஆனால் எதிரே பளபளவென்று ஒரு பெரிய பைக் வந்தது. இடக்கை வணக்கத்தில் இருந்தது.

"நான் காட்டினேன், அவன்தான் கவனிக்கல" என்று மெக்கானிக்கின் மனைவியிடமே சொன்னார். அதோடு விட்டாரா? கையேட்டின் இரண்டாம் பதிப்பில், பதினேழாம் பக்கத்தில், கவனக்குறைவுக்கு அவனையே உதாரணமாகப் போட்டார்.

"பனியில கண்டதெல்லாம் தெரியும். கிளம்பு" என்றார்.

மேலே ஏற ஏறச் சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் கிரீஸ் வாடை வந்தது. கண்ணாடியில் மச்சினனின் விளக்கு மட்டும்.

கல்குவாரி வளைவு.

எதிரே ஒரு விளக்கு. அதன் பக்கத்தில் ஒரு கை தாழ்ந்தது. இரண்டு விரல்கள்.

அப்பாடா, மரியாதை தெரிந்த ஒருவன்! தலைவரின் கை தானாக நீண்டது.

அப்போதுதான் குழியைப் பார்த்தார்.

கையை இழுத்தார். வரவில்லை.

மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள்.

மச்சினனைக் கத்திக் கூப்பிட்டார். சத்தம் ஹெல்மெட்டைத் தாண்டவில்லை. கண்ணாடியில் அவன் விளக்கு ஆடியது, விலகியது, மறுபடி நேரானது. எதிரே வந்த விளக்கு சத்தமில்லாமல் அணைந்தது. பிடி விட்டது.

ஓரங்கட்டினார்கள். மச்சினன் வண்டியை விட்டு இறங்கி வந்தான்.

"நல்லவேளை, அந்த மஞ்சக் கையுறைக்காரரு குழியைக் காட்டினாரு. நீங்க யாருக்கு மச்சான் வணக்கம் வச்சீங்க? எதிர்ல யாருமே வரலையே."

தலைவர் இடக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மச்சினன் அவரையே பார்த்தான். குரல் இறங்கியது.

"போன வருஷமும் இப்படித்தான் வச்சீங்களா?"

வீட்டில் கையுறையைக் கழற்றியபோது மணிக்கட்டில் ஐந்து விரல் தடம், கிரீஸில். சோப்பு கரைந்தது, தடம் கரையவில்லை.

விற்காமல் கிடந்த கையேட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்தார். அச்சகத்தில் கட்டிய கயிறு, அதுவரை யாரும் அவிழ்க்காதது. பதினேழாம் பக்கத்தில், மெக்கானிக்கைப் பற்றிய பத்தியின் மேல், ஒரு பெருவிரல் ரேகை.

அடுத்த பிரதியிலும். அதற்கடுத்ததிலும்.

கடைசிப் பிரதியில் அது இன்னும் ஈரமாக இருந்தது.