பின்சீட்டில் கீச்சுச் சத்தம்

வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன அந்தப் பழைய கார், ராயக்கோட்டையில் ராஜப்பனின் பட்டறை வாசலில் வந்து நின்றபோது உச்சிவெயில். ஓட்டி வந்தவன் உத்தனப்பள்ளி கோவிந்தப்பன். மூன்று வாரமாக வண்டியில் ஒரு கீச்சுச் சத்தம். ஒரு நாள் வரும், இரண்டு நாள் வராது. மேட்டில் வரும், பள்ளத்தில் வராது. மறுநாள் எல்லாம் தலைகீழ். ஸ்பிரிங் பட்டைக்கு விளக்கெண்ணெய் விட்டாயிற்று, கதவுக் கீலுக்கு கிரீஸ் அப்பியாயிற்று. சனியன் பிடித்த சத்தம் போனால்தானே!

அவன் மனைவி முனிலட்சுமிக்கு இது நிறைமாதம். முதல் இரண்டு குழந்தையும் வீட்டுப் பிரசவத்தில் தங்கவில்லை. இந்தத் தடவை வலி எடுத்ததும் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே தீருவது என்று இருந்தான். ஊரில் இருப்பதோ இந்த ஒரே கார்.

"நீ ஓட்டுப்பா. நான் பின்னால உக்காந்து கேக்கறேன்," என்றார் ராஜப்பன்.

இரண்டு மைல் வரை ஒன்றும் இல்லை. புளியமர நிழலில் நுழைந்ததும் வந்தது.

கீச்... கீச்...

ராஜப்பன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து தரையில் காதை வைத்தார். "நிறுத்து," என்றார். கோவிந்தப்பன் நிறுத்தி, என்ஜினையும் அணைத்தான்.

வண்டி நின்றும் சத்தம் நிற்கவில்லை.

ராஜப்பன் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார்.

"இது இரும்புச் சத்தம் இல்லப்பா. கோழிக்குஞ்சு கத்தறாப்பல இருக்குது. நெஜத்தச் சொல்லு, பொணம் எதனா ஏத்தினியா?"

கோவிந்தப்பன் நடந்ததைச் சொன்னான். ஏற்றியிருந்தான். மூன்று வாரத்துக்கு முன், கிருஷ்ணகிரியிலிருந்து, பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் உடல். சனிக்கிழமைச் சாவு. சனிக்கிழமை போனவர்கள் துணைக்கு ஆள் தேடுவார்கள் என்று, அவள் அண்ணன் ஒரு கோழிக்குஞ்சின் காலில் கயிறு கட்டிப் பிணத்தோடு வைத்திருந்தார். வழிநெடுக அது கத்திய கத்தல்! ராயக்கோட்டையில் அவர் டீ குடிக்க இறங்கினார். இவன் எரிச்சல் தாங்காமல் கயிற்றை அறுத்துக் குஞ்சைப் புதரில் விட்டுவிட்டான். எங்கேயோ விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று பொய்யும் சொன்னான்.

"அடப் பாவி! துணையில்லாம அவ எப்பிடிப் போவா? உன் வண்டியிலயேதான் இருக்கறா. இன்னைக்கே ஒரு குஞ்சக் கொண்டுபோயி அவளப் பொதச்ச எடத்துல விடு. அதுவரைக்கும் இதுல பொம்பளைங்கள ஏத்தாத."

குஞ்சு பிடிக்கத்தான் வீட்டுக்கு விரைந்தான். வாசற்காலைப் பிடித்தபடி முனிலட்சுமி நின்றிருந்தாள். புடவையெல்லாம் ஈரம்.

"பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சிங்க..."

ஊர் முழுக்கக் கேழ்வரகு அறுப்புக்குப் போயிருந்தது. கூட வர ஒரு பெண்பிள்ளை இல்லை. கட்டைவண்டி கட்டினால் போய்ச் சேரவே இருட்டிவிடும். ஐயோ, என்னதான் செய்வான்! குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தான்.

கீச்... கீச்...

அவளுடைய முனகலும் அந்தச் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. திரும்பிப் பார்க்கப் பயந்து சாலையையே பார்த்து ஓட்டினான்.

ராயக்கோட்டை தாண்டியதும் இரண்டும் ஒரேயடியாக நின்றன.

"முனி? முனிலட்சுமி!"

"இப்ப வலி தெரியலீங்க," என்றாள் அவள், தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல. "மடி சில்லுனு இருக்குது."

யார் மடி என்று கேட்காமலே வண்டியை இன்னும் வேகமாக விரட்டினான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு ஆயாக்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஓடியவனைப் பிரசவ அறை வாசலில் நர்சம்மா மறித்தாள்.

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது."

"அவ தனியா இருக்கறாம்மா. பயந்துடுவா."

"தனியா எங்க? உங்ககூட வந்த அம்மாதான் உள்ள இருக்காங்களே. கொழந்தைய மொதல்ல என் கையிலதான் குடுக்கணும்னு மடியில துணி விரிச்சி உக்காந்திருக்காங்க."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.

கோவிந்தப்பன் இரண்டு கையாலும் கதவை இடித்தான். "குடுக்காதீங்கம்மா! அவ கையில குடுக்காதீங்க!"

உள்ளே குழந்தை ஒரே ஒரு முறை அழுதது.