ஏழாம் தொட்டியில் நனைந்த சட்டை

காலை 10.20. எத்தனால் ஆலையின் ஏழாம் தொட்டிக்குள், தொட்டி கழுவுகிறவர் குப்புறக் கிடந்தார். தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கித் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. சட்டையின் முன்பக்கம் தொட்டிச் சகதி. முதுகு நனைந்து சாராய நெடி அடித்தது. "குடிச்சுட்டு விழுந்துட்டான்" என்று ஆலையே முடிவு கட்டிவிட்டது.

மறுநாள் காலை 9.00. இன்ஸ்பெக்டரம்மாவின் மேஜை முன் இறந்தவரின் மனைவி நின்றாள்.

"அவரு தொடக்கூட மாட்டாரும்மா. அப்பா குடிகாரனான்னு எம் பொண்ணு கேக்குறா. நான் என்னத்தைச் சொல்ல?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாராயம் காய்ச்சும் இடத்தில் செத்தவனைக் குடிகாரன் என்று சொல்ல யாருக்கும் மூளை செலவாகாது.

10.30. ஆலையைச் சுற்றிப் பார்த்தார். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு தொட்டியில் புளிக்கும். புளித்ததைக் காய்ச்சினால் எத்தனால். வண்டிக்கு எரிபொருளாகப் போவதை எவனும் வாயில் வைத்துவிடக் கூடாதென்று, லாரியில் ஏற்றும் யார்டில் பெட்ரோல் கலப்பார்கள். புளிக்கும்போது கிளம்பும் கரியமிலவாயு, தொட்டி காலியான பிறகும் அடியில் தங்கும். உள்ளே காற்றடிக்கும் காற்றூதியை நான்கு மணி நேரம் ஓட்டாமல் இறங்கினால் ஆள் அவ்வளவுதான். அன்று அது ஓடவே இல்லை.

"ஊதி ஓடாம இறங்காதேன்னு சொல்லிட்டுத்தான் மேடம் டீ குடிக்கப் போனேன்" என்றார் தொட்டி சூப்பர்வைசர்.

"நான் யார்டை விட்டு நகரவே இல்லைங்க" என்றார் யார்டு சூப்பர்வைசர்.

இன்ஸ்பெக்டர் பாலிதீன் பையின் முடிச்சை அவிழ்த்து இறந்தவரின் சட்டையை நீட்டினார். "மோந்து பாருங்க. என்ன வாடை?"

"சாராயம்" என்ற தொட்டிக்காரர் முகம் சுளித்தார். "பெட்ரோலும் அடிக்குதே!"

"பெட்ரோலாவது ஒண்ணாவது. சுத்த சாராயம்ங்க" என்றார் யார்டுக்காரர்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"குடிக்கிறவனுக்கு முதுகுலயா சிந்தும்? குப்புறக் கிடந்தவர் மேல யாரோ மேல இருந்து ஊத்தியிருக்காங்க. பெட்ரோல் கலந்த சரக்கு உங்க யார்டுல மட்டும்தான் இருக்கு. வருஷக்கணக்கா அதுலயே நின்னு, உங்க மூக்குக்கு அந்த வாடையே தெரியல. அதான் தைரியமா எடுத்து ஊத்தியிருக்கீங்க."

யார்டுக்காரர் சட்டையைப் பார்த்தபடியே சொன்னார். "உடனே தொட்டியை நிரப்பலேன்னா அடுத்த வாரம் லாரிங்க சும்மா நிக்கும். அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு இறங்கச் சொன்னேன். விழுந்ததும் கையும் ஓடல, காலும் ஓடல."

"சாராயம் எடுக்க மட்டும் ஓடிச்சா?"

மாலை 4.00. வீட்டு வாசலில் செய்தியைக் கேட்ட மனைவி, மகள் இருந்த உள்ளறையைக் காட்டினாள். "நான் சொன்னா பூசி மெழுகுறேன்னு நினைப்பா. நீங்களே சொல்லுங்கம்மா."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா குடிக்கலடா கண்ணு. சொன்ன வேலையைச் செய்யத்தான் உள்ள இறங்கினாரு."

சிறுமி அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஸ்கூல்லயும் வந்து சொல்றீங்களா?"